வேலைக்குப் போகிறவர் பூனை வளர்க்கலாமா?

வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர் குழுவின் பதில்கள்

கேள்வி: வேளச்சேரியில் தனியாக இருக்கிறேன். சிறுசேரியில் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணியாவது ஆகும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. தோழி வீட்டுப் பூனை குட்டி போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது, ஒன்றை எடுத்துக்கொள் என்கிறாள். நாள் முழுக்கப் பூட்டி வைத்துவிட்டுப் போவது பாவமில்லையா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பூனை வளர்க்கலாம். ஆனால் இந்தக் குட்டி, இந்த வயதில், உங்களுக்கு வேண்டாம்.

வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். அது சுறுசுறுப்பாகத் திரிவது விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். நடுப்பகல் அதற்குத் தூக்க நேரம். ஒரு வயது தாண்டிய, கருத்தடை செய்த பூனைக்குத் தண்ணீரும், சுத்தமான லிட்டர் பெட்டியும் (பூனை மலஜலம் கழிக்க மணல் போன்ற துகள் நிரப்பிய பெட்டி), வெளியே பார்க்க ஒரு ஜன்னல் திண்டும் இருந்தால் பத்துப் பதினொரு மணி நேரத் தனிமை பெரிய தண்டனை இல்லை. எத்தனை மணி நேரம் வெளியே இருக்கிறீர்கள் என்பதைவிட, வீட்டில் இருக்கும் நேரத்தில் என்ன கொடுக்க முடியும் என்று பாருங்கள். காலையில் கிளம்புமுன் 15 நிமிடம், இரவில் அரை மணி நேரம், அதுவும் கையில் செல்போன் இல்லாமல். இதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்துவிட முடியாது. இந்த முக்கால் மணி நேரம் தினமும் உங்களிடம் இருந்தால் தாராளமாக வளர்க்கலாம்.

குட்டியின் கதை வேறு. ஒன்றரை மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. எட்டு வாரம் குறைந்தபட்சம், பன்னிரண்டு வாரம் நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் தவறிய குட்டி உங்கள் கணுக்காலில் கற்றுக்கொள்ளும். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது. ஆறு மாதம் வரையிலுமே ஐந்து மணி நேரம்தான் கணக்கு. தடுப்பூசிக்கும் அலைச்சல் உண்டு: எட்டு வாரத்தில் முதல் முக்கூட்டுத் தடுப்பூசி (மூன்று நோய்களுக்கு ஒரே ஊசி), பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, இடையில் குடற்புழு மருந்து. இத்தனைக்கும் லீவு எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டிதான் வேண்டும் என்றால், மூன்று மாதம் ஆனபின் உடன்பிறந்த இரண்டை ஒன்றாக எடுங்கள். ஒன்றையொன்று துரத்தி, கடித்து, கட்டிப்பிடித்துத் தூங்கும். சோபா பிழைக்கும். ஆறு மாதம் ஆகும்வரை பகலில் இடையிடையே யாராவது வந்து சோறு வைத்துப் பார்க்க ஏற்பாடு வேண்டும். செலவு இரண்டு மடங்கு என்பதும் உண்மை.

எங்கள் யோசனை, இரண்டு மூன்று வயதுப் பூனையைத் தத்தெடுப்பது. விலங்கு நலக் குழுக்களிடமும், தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களிடமும் வளர்ந்த பூனைகள் ஏராளம். எல்லோரும் குட்டியையே கேட்பதால் இவை மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த தேதி, பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸ் பரிசோதனை முடிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது பெரிய லாபம். தனியாக இருக்கப் பழகியதா, மடியில் ஏறுமா, ஆளைக் கண்டால் பீரோ மேல் ஒளியுமா என்று வளர்த்தவரே சொல்லிவிடுவார்.

கடையில் நீண்ட முடியுள்ள பெர்ஷியன் பூனையைப் பார்த்து மயங்க வேண்டாம். தட்டை மூக்கால் அதற்கு நம் மே மாத வெயிலில் மூச்சு இரைக்கும். அந்த முடியைத் தினமும் சீவாவிட்டால் தோலோடு சிக்குப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து மழிக்க வேண்டி வரும். நாட்டுப் பூனைக்கு வாரம் ஒருமுறை சீப்பு போதும்.

வெள்ளிக்கிழமை மாலை அழைத்து வாருங்கள். முதல் மூன்று நான்கு நாள் ஒரே அறையில் வையுங்கள். ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் லிட்டர், நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டி. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். பழைய இடத்தில் தின்ற உணவையே ஒரு வாரம் கொடுத்து, அடுத்த ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து மாற்றுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம், அதுவும் நீங்கள் ஆபீஸ் போகும் திங்கட்கிழமை.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் ஒரு கிண்ணம் பால் சோறும் கொஞ்சம் கருவாடும் வைத்துவிட்டுப் போனால் பூனைக்குப் போதாதா? ஊரில் அப்படித்தானே வளர்ந்தன?
– வாசகி, மதுரை

பதில்: ஊர்ப் பூனை நீங்கள் வைத்த பால் சோற்றால் மட்டும் வளரவில்லை. எலி, பல்லி, அணில் என்று மீதியை அது வெளியே தின்றது. பூட்டிய வீட்டுக்குள் அந்த மீதி கிடையாது.

பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். மாதக்கணக்கில் அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். பாலில் உள்ள சர்க்கரை வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. காலையில் வைத்த பால் சோறு சித்திரை மாதத்தில் பதினொரு மணிக்கெல்லாம் புளித்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். பச்சை மீன்கள் பலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. தினமும் மத்தி மட்டுமே போட்டால் உடம்பின் கொழுப்பு அழன்று பூனை தொட்டாலே கத்தும். எலும்பில்லாத கோழிக்கறி மட்டுமே தின்னும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் எலும்பு முறிகிறது. 'நல்ல சிக்கன்தானே போட்டோம்' என்று கையில் நொண்டிக் குட்டியோடு வருகிறவர்கள் குறையவே இல்லை.

நாள் முழுக்க வெளியே இருப்பவருக்கு டிரை ஃபுட்தான் வசதி. வெளியே வைத்தாலும் கெடாது. பையில் 'முழுமையான உணவு' என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாய்த் தீனி ஆகாது. நான்கு கிலோ எடையுள்ள கருத்தடை செய்த பூனைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் போதும். இது பார்க்க ரொம்பக் கொஞ்சமாகத் தெரியும். அதனால்தான் கிண்ணத்தை நிரப்பி வைத்து ஆறேழு கிலோப் பூனைகளை உருவாக்கிவிடுகிறார்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, காலையில் பாதி, இரவில் பாதி வையுங்கள். இரவில் ஒரு சிறிய பாக்கெட் ஈர உணவு கொடுத்தால் டிரை ஃபுட்டில் 15 முதல் 20 கிராம் குறையுங்கள்.

தண்ணீர் முக்கியம். உணவில் இருப்பதையும் சேர்த்து நான்கு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி. டிரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதத்துக்குள்தான் என்பதால் கிட்டத்தட்ட முழுவதையும் குடித்தே ஆக வேண்டும். அகன்ற எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணங்களில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒட்டி வைத்த தண்ணீரைப் பல பூனைகள் தொடாது.

வீட்டுச் சமையலில் மிஞ்சியது போடும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிப் போட்டாலும் சரியாகாது.

கேள்வி: ஃபிளாட் முழுக்க மூத்திர நாற்றம். பெரிய கடையில் விலை கொடுத்து வாங்கிய மூடி போட்ட லிட்டர் பெட்டி, வாசனை லிட்டர், எல்லாம் இருந்தும் பூனை கால்மிதியில் போகிறது. வேலை முடிந்து வந்ததும் முதல் வேலை பினாயில் போட்டுத் துடைப்பதுதான்.
– வாசகர், கோவை

பதில்: பினாயிலை இன்றே நிறுத்துங்கள். அதில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் சரியாக முறித்து வெளியேற்றாது. தரையில் நடந்த பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகிறது. தண்ணீரில் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவும் இதே வகை. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமோ பூனையின் மூக்குக்கு மூத்திர வாசனை. 'இது கழிப்பறை' என்று நீங்களே பலகை மாட்டிய மாதிரி. கறை பட்ட இடத்தை என்சைம் உள்ள சலவைத்தூள் கரைசலால் ஊறவைத்துத் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடையுங்கள். கால்மிதியைச் சில வாரம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து பெட்டி. மூடி போட்டது நமக்குத்தான் நாற்றத்தை மறைக்கும், உள்ளே போகும் பூனைக்கு அது அடைத்து வைத்த பொதுக் கழிப்பறை. மூடியைக் கழற்றுங்கள். கடையில் விற்கும் தட்டுகள் பெரும்பாலும் சின்னவை. பெட்டி பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். பாத்திரக் கடையில் கிடைக்கும் 60 செ.மீ. நீள பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் விலையும் குறைவு, வசதியும் அதிகம். வாசனை லிட்டர் வேண்டாம். வாசனையில்லாத, ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் லிட்டரை 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். முதல்முறை இந்த அளவுப் பெட்டிக்கு 10 கிலோவுக்கு மேல் பிடிக்கும், பிறகு எடுத்ததற்கு ஈடாகச் சேர்த்தால் போதும். ஆழம் குறைந்தால் மூத்திரம் அடியில் ஒட்டிக் களிமண் சகதியாகிவிடும். நாற்றத்துக்குப் பெரும்பாலும் இந்தச் சகதிதான் காரணம்.

காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை அள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுக்கக் கொட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி வெயிலில் காயவையுங்கள். அள்ளியதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பென்டோனைட் குழாய்க்குள் சிமெண்ட் போல உப்பி அடைக்கும், அடுக்ககத்தில் கீழ் வீட்டுக்காரரோடும் சண்டை வரும். காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்குப் போகட்டும்.

ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டுக்கு மூன்று. அதிகம் என்று தோன்றும், ஆனால் நாள் முழுக்க அள்ள ஆளில்லாத வீட்டில் இரண்டாவது பெட்டிதான் கால்மிதியைக் காப்பாற்றுகிறது. இத்தனைக்குப் பிறகும் வெளியே போனால், அல்லது கடுவன் சுவரில் பீய்ச்சினால், மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை ஆகாத கடுவன் பீய்ச்சத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குள் அறுவை செய்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பழக்கமே வராது. பெட்டைக்கும் அதே வயதில் அறுவை செய்துவிடுவது நல்லது. நான்கு மாதத்திலேயே சில பருவத்துக்கு வந்துவிடும், சினையாகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் கத்தும்.

கேள்வி: ஐந்தாவது மாடி. பால்கனியில் புறா வலை இருக்கிறது, ஜன்னல்களில் ஒட்டும் கொசு வலை இருக்கிறது. இது போதும்தானே?
– வாசகர், போரூர்

பதில்: போதாது. ஒட்டுப்பட்டை வைத்த கொசு வலையை ஒரு பூனை முன்னங்கால்களால் அழுத்தினால் ஓரம் பிரிந்து வரும், எதிர்ச் சுவரில் பல்லியைக் கண்ட வேகத்தில் வலையும் பூனையும் சேர்ந்தே விழும். ஜன்னலுக்கு எவர்சில்வர் கம்பி வலையைச் சட்டத்தில் திருகாணி போட்டு மாட்டுங்கள். பால்கனிப் புறா வலை தடிமனான நைலானாக இருந்தால் பயன்படும். கொக்கிகள் ஒரு அடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், கீழ் விளிம்பு தளர்ந்திருக்கக் கூடாது. மெல்லிய நைலானைச் சில பூனைகள் கடித்தே ஓட்டை போடும். மாதம் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். குளியலறைக் கண்ணாடிப் பலகை ஜன்னலையும், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தலை நுழையும் இடத்தில் ஒல்லியான பூனையின் உடம்பும் நுழையும்.

வேலைக்குக் கிளம்புமுன் வீட்டை ஒரு சுற்று பாருங்கள். தண்ணீர் நிறைந்த வாளியும் டிரம்மும் மூடியிருக்கட்டும், வழவழப்பான வாளியில் விழுந்த குட்டியால் ஏறி வர முடியாது. வாஷிங் மெஷின் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பைச் சுவர் சுவிட்சிலேயே அணையுங்கள், தொடு பட்டன் மேல் பூனைப் பாதம் பட்டாலும் வேலை செய்யும். தையல் நூல், பூச்சரத்து நார், ரப்பர் பேண்ட் எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. மல்லிகைச் சரத்தைப் பூனை விளையாட்டாக மெல்லத் தொடங்கி நார் முழுவதையும் விழுங்கிவிடும், அது குடலைச் சுருக்கிப் பைபோல் மடித்து அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பீரோவில் அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆபீஸில் பிறந்தநாளுக்குக் கொடுத்த பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இதழ் தின்னக்கூட வேண்டாம், முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். தோட்டத்துச் செங்காந்தளும் விஷம்தான்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் கோடையில் குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள், ஈரத் தரையில் பூனை தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடட்டும். பூனை நாய்போல் வாயைத் திறந்து இரைத்தால் அது ஆபத்து.

கேள்வி: நான் நர்ஸ். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். பூனைக்குக் குழப்பமாகாதா? இப்போதே விடியற்காலை நான்கு மணிக்கு முகத்தில் தட்டி எழுப்புகிறது.
– வாசகி, திருச்சி

பதில்: மாறும் ஷிப்டைப் பூனை பொறுத்துக்கொள்ளும், சாப்பாட்டு நேரம் தாறுமாறாவதைத்தான் பொறுக்காது. நேரம் வைக்கும் தானியங்கித் தீனிப் பெட்டி ஒன்று வாங்கி, காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துவிடுங்கள். உங்கள் ஷிப்ட் எதுவானாலும் அது மாறக் கூடாது. இதனால் இன்னொரு லாபம், சோறு போடுவது நீங்கள் அல்ல, பெட்டி என்று பூனை புரிந்துகொண்டு முகத்தை விட்டுப் பெட்டி முன்னால் உட்காரும்.

படுக்கப் போகுமுன் குச்சியில் கட்டிய இறகால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், கடைசியில் இறகைப் பிடிக்க விடுங்கள், பிறகு உணவில் ஒரு பங்கு கொடுங்கள். வேட்டை, தீனி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்பதுதான் அதன் வரிசை. லேசர் ஒளி மட்டும் காட்டினால் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் எரிச்சல்தான் மிஞ்சும். விளையாடியதும் குச்சியைப் பூட்டி வையுங்கள், அதிலும் நூல் இருக்கிறது.

நான்கு மணித் தட்டலுக்கு எழவே கூடாது, திட்டவும் கூடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் தட்டல் கூடும், பல பேர் அங்கேதான் தோற்கிறார்கள். ஒரே ஒரு நாள் எழுந்து சோறு வைத்தாலும் 'இன்னும் பலமாகத் தட்டினால் கிடைக்கும்' என்று ஆகிவிடும்.

கேள்வி: திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பூனை இருந்தால் கர்ப்பம் தங்காது, ஆஸ்துமா வரும் என்று மாமியார் பூனையைக் கொடுத்துவிடச் சொல்கிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாமியார் கேள்விப்பட்டதில் ஒரு துளி உண்மை உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். பூனை அதைப் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, தொற்றிய முதல் சில வாரங்களில்தான் மலத்தில் வெளியேற்றும். அந்த மலமும் வெளியே வந்து ஒரு நாளாவது, அதிகபட்சம் ஐந்து நாள், கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளும் வீட்டில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கர்ப்ப காலத்தில் அந்த வேலையைக் கணவர் செய்யட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே விடாதீர்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் பூனையைவிடப் பெரிய வழி என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வாமை வேறு. அது முடியால் வருவதில்லை, எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதத்தால் வருவது. முடி கொட்டாத இனம் என்று வாங்கினாலும் தப்ப முடியாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அவர் பூனையோடு இரண்டு மூன்று முறை சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். மூச்சு இழுத்தால் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் மூன்று இரவு வெளியூர். தானியங்கித் தீனிப் பெட்டி வைத்துவிட்டுப் போகலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். வளர்ந்த பூனையைத் தனியே விட ஒரு நாள்தான் எல்லை. பூனை சாப்பிட்டதா, மூத்திரம் போனதா என்று பெட்டி பார்க்காது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் தினமும் வந்து பார்க்க ஒருவர் உறுதியாக இருந்தால் மறுபடி எழுதுங்கள். அதுவரை தெருவில் இருக்கும் பூனை ஒன்றைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் நாளில் சோறு வையுங்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். எந்த அறிகுறி வந்தால் வார இறுதி வரை காத்திருக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடுவன் பூனை லிட்டர் பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய், குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் திரும்பினால் அது மலச்சிக்கல் அல்ல. மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். இரவு பத்து மணியானாலும் அப்போதே கிளம்ப வேண்டும். கட்டியாகும் லிட்டரில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: தினமும் இரண்டு மூன்று பெரிய மூத்திரக் கட்டி இருக்கும். வேலை முடிந்து வந்து அள்ளும்போது கட்டியே இல்லை, அல்லது சுண்டைக்காய் அளவில் பத்துக் கட்டி என்றால் சந்தேகப்படுங்கள்.

24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் அடுத்த நாள் காட்டியாக வேண்டும், குண்டுப் பூனை என்றால் கட்டாயம். இரண்டு மூன்று நாள் பட்டினியில் அதன் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். குட்டியின் வாந்தியும் பேதியும் ஒரு நாள்கூடத் தாங்காது. ஒருமுறை முடியுருண்டை வாந்தி, தும்மல் மட்டும், காதைச் சொறிவது, இவை சனிக்கிழமை வரை பொறுக்கும்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அரை பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்களுக்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. அதோடு வீட்டுக்குப் பக்கத்தில் இரவிலும் போன் எடுக்கும் ஒரு கிளினிக்கைப் பூனை வருமுன்பே தேடி வையுங்கள். தூக்கிப் போகும் கூடையைப் பரண்மேல் போடாமல், கதவைத் திறந்து, உள்ளே பழைய துண்டு விரித்து, ஹாலிலேயே வைத்திருங்கள். பரணிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டாலே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும், பிறகு அதைப் பிடிப்பதற்குள் அரை நாள் லீவு போய்விடும்.